தன் வாய்க்கரிசியைத் தானே மென்ற ராமாத்தாள்

பதினோராங்கட்டைத் தோட்டத்தில் ராமாத்தாளைத் தெரியாதவர் கிடையாது. அவள் செத்துப்போனது தெரியாதவரும் கிடையாது. கடைசி நேரத்தில் அவள் சாகாமல் விட்டுவிட்டாள் என்கிற செய்திதான் சிலர் மண்டையில் ஏறவே இல்லை. அதற்கு அவள் என்ன செய்வாள்?

கடல் தாண்டிய சீமையில், ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்களுக்குத் தோட்டத்துச் சனங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதென்று அவர்களுடைய வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, முன்வாசலுக்கு ஒரு துப்பாக்கி, பின்வாசலுக்கு ஒரு துப்பாக்கி என்று நிறுத்தியிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போகக் கூடாது. கூட்டமாக நடக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பெர்மிட், காதுகுத்துக்குப் பெர்மிட், பிணம் தூக்கவும் பெர்மிட். சாகிறவர்கள் மட்டும் யாரையும் கேட்காமல் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் ராமாத்தாளுக்கு டைபாய்டு கண்டது. நாற்பத்தோரு நாள் படுக்கை. உடம்பில் அடித்த அனலில் அவளுடைய நாத்தனார் வேலாயி இரண்டு அப்பளம் சுட்டாள் என்று லயத்தில் சொல்வார்கள். அது பொய். ஒன்றுதான் சுட்டாள்; மற்றது கருகிவிட்டது.

இருபத்தேழாம் நாள் தோட்டத்து மருந்துக்கடையில் ஊசி போடுகிற டிரெசர் வந்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு, "இன்னைக்குப் பொழுது தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ராமாத்தாளின் புருஷன் சிவசாமி எதையும் முன்கூட்டிச் செய்கிறவன். மேகத்தைக் கண்டாலே குடையை விரித்து, மழை வருவதற்குள் கை வலித்து மடக்கி வைத்துவிடுகிற ரகம். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு பெர்மிட் வாங்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மிதித்தான்.

"எப்ப செத்தாங்க?" என்று கேட்டார் அங்கே தட்டச்சு அடிப்பவர்.

"இன்னும் சாகலைங்க."

"அப்ப எந்தத் தேதி போடுறது?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? நீங்க பொதுவாப் போட்டுக் குடுங்க. நான் பத்திரமா வச்சிக்கிறேன்."

அவர் பொதுவாகப் போட்டுக் கொடுத்தார். பதினோராங்கட்டைத் தோட்டம் சிவசாமி மனைவி ராமாத்தாளின் உடலை லயத்திலிருந்து பின்வாசல் வழியாக மயானம்வரை கொண்டுபோகலாம், காலை ஆறு முதல் மாலை ஆறுவரை, துணைக்கு இருபது பேருக்கு மேற்படாமல், மேளம் கிடையாது, வாய்க்கரிசி ஒரு பிடி, காரியம் முடியும்வரை இந்த அனுமதி செல்லும். கீழே வட்ட முத்திரை.

சிவசாமி திரும்பி வருவதற்குள் மயானத்தில் குழி வெட்டியாயிற்று. கடலோரத்து உம்பாயில் கட்டிக் கொடுத்திருந்த மகள் மீனம்மா ஐந்து மாத வயிற்றோடு வந்து சேர்ந்தாள். வேலாயி கூந்தலை அவிழ்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தாள். வேலாயியின் ஒப்பாரி பெயர் பெற்றது. அவள் இங்கே குரலெடுத்தால் உம்பாயில் வலை வீசுகிறவன் கையை நிறுத்திவிட்டு யார் வீட்டில் என்று கேட்பான்.

முதல் அடியில் பாதிகூடப் பாடவில்லை. ராமாத்தாள் கண்ணைத் திறந்தாள்.

"கஞ்சி இருக்கா?" என்றாள்.

வேலாயியின் ஒப்பாரி பாதியில் நின்ற தும்மலைப் போல மூக்கிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ராமாத்தாள்மேல் ஒரு வருத்தம்.

இதுவரை நடந்ததைக்கூட ராமாத்தாள் பொறுத்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்த பிறகு நடந்தவற்றைத்தான் பொறுக்க முடியவில்லை. எல்லாரும் நன்றி கேட்டு வந்தார்கள்.

"என் ஊசியாலதான் பொழைச்சே, மறந்துடாதே" என்றார் டிரெசர். "யாருங்க அன்னைக்குக் கை கழுவிட்டுப் போனது?" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். "மாரியாத்தாளுக்கு நான் வேண்டிக்கிட்டதாலதான் பொழைச்சே, நூத்தியோரு குடம் பால் எடுக்கிறதா சொல்லியிருக்கேன், நீதான் எடுக்கணும்" என்றாள் வேலாயி. பார்லி கொடுத்தவள் வந்தாள். விபூதி கொடுத்தவர் வந்தார். குழி வெட்டின இரண்டு பேர்கூட வந்து, தாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே சிவசாமி.

"வெயில்ல போகப் பதினோரு மைல், வரப் பதினோரு மைல் மிதிச்சேன் புள்ள. பெர்மிட்டு அவ்வளவு லேசுல குடுத்துடுவானா?"

"என்னைப் பொதைக்கத்தானே மாமா மிதிச்சீங்க?"

"எதுக்கா இருந்தா என்ன? மிதிச்சேனா இல்லியா?"

முடி கொட்டி, கன்னம் ஒட்டி, கால் இரண்டும் கருவாடாய் வற்றிக் கிடந்தவளுக்குக் கும்பிட்டுக் கும்பிட்டே கை அசந்தது. 

வேலைக்கும் வழியில்லை. பால்மரம் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் தோட்டத்தில் நிரை என்று ஒரு வரிசை உண்டு. ராமாத்தாளின் நிரை நாற்பத்தேழு. மயானத்தை ஒட்டிய சரிவில் முந்நூற்று நாற்பது மரம். எந்த மரத்தின் வேர் எங்கே தடுக்கும், எந்த மரம் காலையில் முரண்டு பிடித்து வெயில் வந்தபின் பால் விடும் என்று புருஷனைத் தெரிந்துவைத்திருந்ததைவிட நன்றாக அதைத் தெரிந்துவைத்திருந்தாள். அதை இப்போது வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அவளை ஆயாக் கொட்டகையில் உட்காரவைத்து, வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டச் சொன்னார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டும் ஒரே சமயத்தில் அழும், ஒரே சமயத்தில் நனைக்கும்.

"என் நிரையை எப்பங்க குடுப்பீங்க?" என்று வேலை ஏவுகிற தண்டலிடம் கேட்டாள்.

"மழைக்கு ஓட முடியுமா உன்னால?"

இது நியாயமான கேள்விதான். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் நிறைந்து நிற்கும்போது திடீரென்று மழை இருட்டினால், வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட வேண்டும். நடக்கிறவளின் பால் தண்ணீராய்ப் போகும். அந்த ஓட்டத்தில் முன்பெல்லாம் ராமாத்தாளை மிஞ்ச ஆளில்லை. மழை துரத்திக்கொண்டே வரும், கடைசி மரத்துப் பாலையும் எடுத்துவிட்டு பால் சேர்க்கிற ஸ்டோருக்குள் நுழைகிறவளின் குதிகால் மட்டும்தான் நனைந்திருக்கும் என்பார்கள்.

டிரெசர் இன்னொரு குண்டைப் போட்டார். "வர்ற பதினஞ்சாந்தேதி பெரிய டாக்டர் வர்றாரு, ராமாத்தா. மருந்துக்கடையிலேருந்து ஸ்டோர் மேட்டுக்கு ஏறச் சொல்வாரு. மூச்சு வாங்கினா ஒன்னை ஆகாதவன்னு சர்க்கார் பாரத்துல எழுதிடுவாரு. எழுதிட்டா ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"எந்த ஊருக்குங்க?"

"ஒங்க ஊருக்குத்தான். கப்பல்ல. இந்தியாவுக்கு."

"நான் பொறந்தது இந்தத் தோட்டத்துலங்க. இந்தியாவை நான் படத்துலகூடப் பாத்ததில்ல. அங்க போயி யாரு வீட்டுக் கதவைத் தட்டுறது?"

"அதெல்லாம் பாரத்துல கேக்க மாட்டாங்க" என்றார் டிரெசர்.

உம்பாயில் மகள் பிள்ளை பெறப்போகிற நேரத்தில், கண்ணால் காணாத ஒரு சீமைக்கு, ஆகாதவள் என்று முதுகில் எழுதி அனுப்புவார்களாம். பதினஞ்சாந்தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஓடிப் பார்த்துவிடுவது என்று ராமாத்தாள் முடிவு செய்தாள்.

மறுநாள் மத்தியானம், தாய்மார்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனபின், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகையிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை ஓடினாள். நூறு கெஜம்கூட இராது. முதல் வீட்டைத் தாண்டும்போது, "யாரு செத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது, "எங்க தீ?" என்றான் ஒருவன். ராமாத்தாளுக்கு மூச்சு வாங்கியது, பதில் சொல்லவில்லை. அவசரகாலத்தில் ஒருத்தி பதில் சொல்லாமல் ஓடினால் என்ன அர்த்தம்? பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். முதலில் நாலு பேர் அவள்கூட ஓடினார்கள். பிறகு நாற்பது பேர். எவனோ தண்டவாளத் துண்டை அடித்து அபாய மணி கொடுத்துவிட்டான். முன்வாசல் மூடியது. சோற்றுப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் கட்டிலுக்கு அடியில் போனான். குழாயடியை ராமாத்தாள் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது மொத்தத் தோட்டமும் அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தது. நாயும் ஆடும் உட்பட.

"என்னடி வருது?" என்று கேட்டாள் வேலாயி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"ஒண்ணும் வரலை, நங்கையா" என்றாள் நாத்தனாரிடம். "சும்மா ஓடுனேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். கால் இருக்கான்னு பாத்தேன்."

அன்று சாயங்காலம் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், கணக்கெழுதும் கிராணி ஒரு காகிதம் ஒட்டினார். லயத்துக்குள்ளும் வேலியோரமும் யாரும் ஓடக்கூடாது என்று எழுதி, அதன் கீழே "முக்கியமாக ராமாத்தாள்" என்று கோடிட்டிருந்தது. சிவசாமி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அது ஒன்றுதான் அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த நிம்மதி.

மூன்றாம் நாள் தகரப் பெட்டியில் மாற்றுச்சேலை தேடும்போது, அவளுக்குப் போர்த்த வாங்கி வைத்திருந்த கோடித் துணிக்கு அடியில் அந்தப் பெர்மிட் கிடந்தது. ராமாத்தாள் தோட்டத்துப் பள்ளியில் நாலாவதுவரை படித்தவள். அதற்குள் இங்கிலீஷ் எழுத்தையும் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். ஒரு தரம் படித்தாள். திரும்ப ஒரு தரம் படித்தாள். ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு, காகிதத்தைக் கையில் பிடித்தபடி, மெள்ள நடந்து பின்வாசலுக்குப் போனாள்.

பின்வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தங்கராஜு நின்றிருந்தான். முன்பு தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்தவன். பெல்ட்டுக்கு மேலே வயிறும், வயிற்றுக்கு மேலே துப்பாக்கியுமாக இப்போது சர்க்கார் ஆள்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"மயானத்துக்கு."

"தாக் போலே, அக்கா" என்றான் பாதி மலாயில். "பெர்மிட் இல்லாம முடியாது லா."

அவள் நீட்டினாள். தங்கராஜு முத்திரையைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றான். முத்திரை போட்ட காகிதத்தைக் கண்டால் அவன் கண்ணுக்கு இன்ஸ்பெக்டரே தெரிவார். வரிவரியாக விரலை வைத்துப் படித்தான்.

"ராமாத்தாள் உடல்... சரி. பின்வாசல் வழியா... சரி. அக்கா, உடல் எங்க?"

"இதோ நிக்குதே."

"தூக்குறது யாரு?"

"நாந்தான். முப்பத்தொம்பது வருசமா நாந்தானேடா தூக்கிக்கிட்டுத் திரியறேன்? வேற எவனாச்சும் ஒருநாள் தூக்கினானா?"

தங்கராஜு யோசித்தான். அவன் யோசிப்பது வெளியே தெரியும்; நெற்றியில் வரி ஓடும். "செத்தவங்களுக்குத்தானேக்கா இது?"

"செத்தான்னு எழுதியிருக்கா, பாரு. தேதி போட்டிருக்கா, பாரு."

எழுதியிருக்கவில்லை. போட்டிருக்கவும் இல்லை.

"இருவது பேரு கூட வரலாம்னு இருக்கு."

"மேற்படக் கூடாதுன்னு இருக்கு. கொறைஞ்சா தப்பா?"

"முந்தானையில என்ன? அரிசியா? ஐயோ அக்கா, அரிசி வெளியே போச்சுன்னா என் வேலை போயிரும்!"

"வாய்க்கரிசி ஒரு பிடி. நாலாவது வரி."

நாலாவது வரியில் இருந்தது. தங்கராஜு கதவைத் திறந்துவிட்டு, தன் நோட்டில் நேரம் போட்டு எழுதினான். பிணம் ஒன்று போனது.

அரைமணி கழித்து அவள் திரும்பி வந்தபோது உள்ளே விடமாட்டேன் என்றான். "இதுல போறதுக்குத்தானேக்கா எழுதியிருக்கு? போன பொணம் திரும்பி வர்றதுக்கு ஒண்ணும் போடலியே?"

"எலேய், பொணத்துகூடப் போனவங்க வீடு திரும்ப வேணாமா? போறப்ப நான் பொணம். வர்றப்ப நான் கூடப் போனவ. தெற கதவை."

அப்படித்தான் தினமும் மத்தியானம் ராமாத்தாளின் சவ ஊர்வலம் புறப்பட்டது.

மயானம் அரை மைல். இருபக்கமும் ரப்பர் மரம், நடுவில் ஒற்றையடிப் பாதை. கேட்க ஆளில்லை, கூட ஓடவும் ஆளில்லை. முதல் நாள் முப்பதடி ஓடி, அறுபதடி நடந்து, ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். விலாவில் குத்தியது. கண்ணில் பூச்சி பறந்தது. முட்டி இரண்டும் ஒன்றோடொன்று சண்டைக்காரிகளைப் போல மோதிக்கொண்டன. "தொட்டில் ஆட்டவே லாயக்கில்லாத கட்டை, இதுக்கு ஓட்டம் வேற" என்று தன்னைத் தானே திட்டினாள். இரண்டாம் நாள் நாற்பதடி. மூன்றாம் நாள் மழை வந்து வழுக்கி விழுந்து, வேலாயியிடம் சேற்றுக்குக் கதை சொல்ல வேண்டியிருந்தது. ஏழாம் நாள் பாதி தூரம் நிற்காமல் ஓடினாள். பத்தாம் நாள் மயானம்வரைக்கும். அதற்குள் தங்கராஜுவின் வாய் வழியாக விஷயம் லயமெல்லாம் பரவியிருந்தது.

அங்கே அவளுக்கு வெட்டின குழி அப்படியே கிடந்தது. மழைத்தண்ணீர் தேங்கி, இரண்டு தவளை குடியேறியிருந்தன. ராமாத்தாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை அளந்து பார்த்தாள். அஞ்சேகால் அடிப் பொம்பளைக்கு நாலேமுக்கால் அடிக் குழி. எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. காலை மடக்கியா வைத்திருப்பார்கள்? இதற்கா அந்த இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்கள்?

குழியின் ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அரிசியை வாயில் போட்டு மென்றாள். வாய்க்கரிசிதான். செத்தவர்களின் வாயில் மற்றவர்கள் போடுவது. பச்சரிசி பல்லில் பட்டு, மாவாகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தித்தித்தது. அது தித்திக்கும் என்று இதுவரை வாங்கிக்கொண்ட யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

மென்றபடியே காலைப் பார்த்தாள். கெண்டைச்சதை இத்தனூண்டு உருண்டிருந்தது. இடது காலின் சுண்டுவிரல், எப்போதோ உளி விழுந்து கோணிப்போனது, அதன்பாட்டுக்குக் கோணிக்கொண்டிருந்தது. அட்டைக் கடித் தழும்புகள் இடம் மாறாமல் இருந்தன. அந்தக் கால் இரண்டும் ஒருநாளும் அவளிடம் வந்து, எங்களால்தானே பிழைத்தாய் என்று கேட்டதில்லை.

"எந்திரின்னேன், எந்திரிச்சீங்க" என்று அவற்றிடம் சொன்னாள். "இந்தத் தோட்டத்துல வேற யாரு நான் சொன்ன பேச்சை ஒரு தடவையில கேட்டிருக்காங்க?"

நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே திமுதிமுவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தோரு நாளும், டிரெசர் கை கழுவின அன்றும், சிவசாமி பெர்மிட்டுக்குப் போன அன்றும், வேலாயி கூந்தலை அவிழ்த்த அன்றும், இது மட்டும் ஒருநாள் தவறாமல் பெரட்டுக்கு வந்து நின்றிருக்கிறது. யாரும் பேர் கூப்பிடவில்லை. லீவும் கேட்கவில்லை. அழுகை முட்டியது. அழுதால் மூக்கடைக்கும், மூக்கடைத்தால் திரும்ப ஓட முடியாது என்று அதைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

பதினஞ்சாந்தேதி வந்தது. ராமாத்தாள் விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, முளைத்திருந்த அரை அங்குல முடிக்கு எண்ணெய் தடவி, வெளுத்த சேலை கட்டி, மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் எந்த நேரத்தில் வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வழியில் காட்டுக்காரன் காத்திருப்பான். எட்டு ஆயிற்று, பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. டாக்டர் வரவில்லை. "இன்னைக்கு வரமாட்டாரு, எல்லாம் போங்க" என்றார் டிரெசர். ராமாத்தாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். எரிச்சலில் கால் தானாகவே பின்வாசலுக்குப் போயிற்று.

அவள் மயானத்தைத் தொட்ட நேரத்தில் டாக்டர் வந்தார். முன்னால் ஒரு கவச வண்டி, நடுவில் ஜீப், பின்னால் ஒரு லாரி நிறையச் சிப்பாய்கள். மொத்தமே இருபது நிமிஷம். டிரெசர் பேர் வாசித்தார். ராமாத்தாளைக் காணோம். தினமும் தன் பிணத்தைத் தானே தூக்கிக்கொண்டு மயானத்துக்கு ஓடுகிறாள் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வது? "படுக்கையில இருக்கா, சார். நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். டாக்டர் எழுதிக்கொண்டார். வண்டிகள் புறப்பட்டன, டிரெசரும் ஜாசினுக்கு மருந்து வாங்க ஜீப்பில் தொற்றிக்கொண்டார்.

வேலாயிக்கு விஷயம் எட்டியதும் அவள் பின்வாசலுக்கு ஓடினாள். நோட்டீசில் பேர் போட்டுத் தடுத்தது ராமாத்தாளை மட்டும்தானே. கம்பியைப் பிடித்துக்கொண்டு மயானத்துப் பக்கம் பார்த்தாள். அரை மைல் தூரத்துக்குச் சாதாரணக் குரல் போகாது. கூந்தலை அவிழ்த்தாள். மூக்கில் இத்தனை நாளாய்த் தங்கியிருந்த ஒப்பாரி வெளியே வந்தது.

"மருந்துக்கார வெள்ளைத்தொர
வண்டியேறிப் போறானே... என் ராமாத்தா
ஆகாதவ பட்டியலில்
ஒம்பேரும் போகுதடி... அடி ஓடி வாடி
கப்பலேத்திப் போடுமுன்னே
கால்நீட்டி ஓடி வாடி..."

பால் ஸ்டோரில் வேலை நின்றது. உம்பாயில் வலை நின்றதா என்று தெரியாது, நின்றிருக்கும். குழியோரத்தில் அரிசி மென்றுகொண்டிருந்த ராமாத்தாளுக்கு ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

வாயில் இருந்த வாய்க்கரிசியோடு எழுந்தாள். வண்டிகள் போகிற தோட்டத்துச் சடக்கு மேட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு மைல் போய், பெரிய சடக்கைத் தொடுகிற இடத்தில் ஒரு தடுப்புக் கட்டையில் முடியும். கணக்குப் பார்த்த பிறகுதான் கட்டையைத் தூக்கி வண்டிகளை விடுவார்கள். மயானத்திலிருந்து அதற்குக் குறுக்கு வழி உண்டு. சரிவேறி இறங்க வேண்டும். அந்தச் சரிவுதான் நாற்பத்தேழாம் நிரை. பெர்மிட்டில் மயானம்வரைதான் எழுதியிருந்தது. "எழுதினவன் வந்து ஓடட்டும்" என்று சொல்லிக்கொண்டு ஏறினாள்.

வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மரம், இரண்டாம் மரம், வேர் தடுக்கும் ஏழாம் மரம். தாண்டு. பாறை இருக்கிற இருபதாம் மரம். வலப்பக்கம் போ. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே கால் கண்டுகொண்டது. இருபது வருஷமாய் மழைக்கு ஓடின ஓட்டம் அதற்குள் எங்கேயோ மடித்து வைக்கப்பட்டிருந்தது. காய்ச்சல் அதைத் தொடவில்லை. மேட்டு உச்சியில் மூச்சு போயிற்று. "இப்ப விட்டேன்னா ஒன்னைக் கப்பல்ல ஏத்துவாங்க, அங்க ரப்பர் மரமே கிடையாதாம்" என்று நெஞ்சுக்கு அதட்டல் போட்டாள். மூச்சு திரும்ப வந்தது. இறக்கத்தில் ஓடவில்லை, விழுந்துகொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கால் குறுக்கே வந்து பிடித்தது.

கவச வண்டி தடுப்பருகே நின்றபோது, ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து மொட்டைத்தலைப் பொம்பளை ஒருத்தி பாய்ந்து வருவதைக் கண்டு சிப்பாய்கள் அத்தனை பேரும் துப்பாக்கியை நீட்டினார்கள். ராமாத்தாள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் பெர்மிட்.

ஜீப்பில் இருந்த டிரெசருக்கு வியர்த்துவிட்டது. "சுட்டுறாதீங்க! நம்ம தோட்டத்து ஆளு!"

டாக்டர் இறங்கி வந்தார். வயதான மனிதர், தோட்டங்களில் இருந்து கற்ற தமிழ், மரியாதை இல்லாத தமிழ். பெர்மிட்டை வாங்கிப் படித்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"இது யாரு?" என்றார்.

"நாந்தாங்க."

"நீ செத்துப் போச்சு?"

"இல்லைங்க. இவங்கதான் முந்திக்கிட்டாங்க."

டாக்டர் டிரெசரைப் பார்த்தார். "படுக்கை, சொன்னே?"

"இருந்தா, சார்," என்றார் டிரெசர், சடக்கைப் பார்த்துக்கொண்டு. "காலையில."

டாக்டர் குழாயைக் காதில் மாட்டி அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அது அடித்த அடி, பின்னால் நின்ற லாரிக்குக் கேட்டிருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அடி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து நடைக்கு வந்தது. ராமாத்தாள் மயானப் பக்கத்தை விரலால் காட்டினாள், மேட்டைக் காட்டினாள், தன் காலைக் காட்டினாள். அந்த நேரத்தில் முதல் தூறல் விழுந்தது.

"எதுக்கு ஓடுறே நீ?" என்று கேட்டார்.

"மழைக்குங்க," என்றாள் ராமாத்தாள். "என் நிரைக்கு."

எழுதிக் கொடுக்க வேறு வெற்றுக் காகிதம் இல்லை. டாக்டர் பெர்மிட்டையே திருப்பி, ஜீப்பின் முன்மூடியில் வைத்து, அதன் முதுகில் எழுதினார்: பால்வெட்டுக்குத் தகுதியானவள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பாரத்தில் இருந்த பேரையும் அடித்தார்.

முன்வாசல் வழியாக மழையோடு ராமாத்தாள் லயத்துக்குள் நுழைந்தபோது அவள் குதிகால் மட்டுமல்ல, எல்லாம் நனைந்திருந்தது. பின்வாசலில் தங்கராஜு ஆறு மணிவரை காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் நோட்டில் எழுதினான்: பிணம் போனது, திரும்பவில்லை. அந்த நோட்டுப்படி இன்றுவரை அவள் திரும்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் நாற்பத்தேழாம் நிரைக்கு அவள் பேரைக் கூப்பிட்டார்கள். டிரெசர் அவளைப் பார்த்து, "பாத்தியா, என் ஊசி" என்றார். வேலாயி, "என் குரல்" என்றாள். அதில் உண்மை இருந்ததால் ராமாத்தாள் அவளுக்கு மட்டும் மனசாரக் கும்பிட்டாள். பெர்மிட் வாங்கிக்கொண்டு நூற்றியோரு குடம் பாலும் எடுத்தாள்.

பால்குடம் முடிந்த அன்று மத்தியானம் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கரண்டி நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கெண்டைச்சதையில் ஊற்றி நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோணல் சுண்டுவிரலுக்கு இன்னும் ஒரு சொட்டு. சிவசாமி பக்கத்தில் வந்து நின்றான். ஒரு பார்வை பார்த்தான்.

"சாமிக்குப் பாலு, காலுக்கு எண்ணெய். இருவத்திரண்டு மைல் மிதிச்சவனுக்கு ஒண்ணுமில்லியா?"

ராமாத்தாள் கரண்டியை வழித்தாள். "காலைக் காட்டுங்க" என்றாள்.

அவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து காலை நீட்டினான். அவள் எண்ணெய் தேய்க்கத் தேய்க்க, கண்ணை மூடிக்கொண்டு, "அந்தப் பெர்மிட்டைப் பத்திரமா எடுத்து வையி புள்ள," என்றான். "முன்பக்கம் இன்னும் செல்லும்."